மேல்மடை வரைக்கும் நடந்து பார்

பூதப்பாண்டி,
ஆவணி 9.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். ஓமான் வேலை உறுதியாகிவிட்டதென்று அக்கா போனில் சொன்னாள். மனசு நிறைந்தது. கூடவே, "மெக்கானிக்கல் படிச்ச என்னெ எதுக்கும்மா கேஸ் பிளாண்ட்டுல போடுகானுவ, அது கெமிக்கல்காரன் வேலைல்லா?" என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நீளமாகப் போய்விட்டது. போனில் அனுப்பினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன். பெட்டியில் வைத்துக் கொண்டுபோ. பிளாண்ட்டைச் சுற்றி நடந்து பார்த்த பிறகு மறுபடியும் எடுத்துப் படி. இப்போது பிடிபடாத இடங்கள் அப்போது பிடிபடும்.

கேஸ் பிளாண்ட்டில் பெரும்பாலான இடங்களில் ரசாயன மாற்றமே நடப்பதில்லை. பிரிக்கிறோம், குளிர்விக்கிறோம், சூடாக்குகிறோம், அமுக்குகிறோம், அழுத்தத்தை இறக்குகிறோம். கோணம் கல்லூரியில் உனக்குத் தெர்மோடைனமிக்ஸ் என்று எதை நடத்தினார்களோ அதுதான் அங்கே இரும்பாக நிற்கிறது. பரீட்சைக்குப் படித்து மறந்திருந்தால் அந்தப் புத்தகத்தையும் பெட்டியில் போட்டுக்கொள்.

கிணற்றிலிருந்து வருவது அடுப்பில் எரியும் கேஸ் அல்ல. மீத்தேன்தான் அதிகம். அதோடு ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பெட்ரோல் மாதிரியான கண்டென்சேட், உப்புத் தண்ணீர், நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சில வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சம் மணல், சில இடங்களில் துளி பாதரசம் எல்லாம் சேர்ந்து வரும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதுதான் பிளாண்ட்டின் வேலை. முதலில் செப்பரேட்டரில் திரவத்தைப் பிரிப்பார்கள். அடுத்து அமீன் டவரில் அமில வாயுக்களை எடுப்பார்கள். பிறகு கிளைக்காலிலோ மாலிகுலர் சீவிலோ ஈரத்தை எடுப்பார்கள். கடைசியில் குளிர வைத்து புரொப்பேன், பியூட்டேனைப் பிரித்து, மிச்சமுள்ள வாயுவைக் கம்ப்ரசரில் அமுக்கிக் குழாயில் அனுப்புவார்கள். இந்த வரிசை காரணத்தோடு போட்டது. ஒவ்வொரு யூனிட்டும் தனக்கு முந்தியவன் தன் வேலையைச் சரியாகச் செய்திருப்பான் என்று நம்பிக் கட்டப்பட்டது.

நான் உனக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். சின்னப் பிள்ளையில் தாத்தாவோடு தோவாளைக் கால்வாய்க் கரையில் நடந்திருக்கிறாய். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்த காலத்திலிருந்து நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைமடையில் தண்ணீர் குறைந்தால் யாரும் தன் வரப்பில் நின்று மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். கரையோடு மேலே நடப்பார்கள். எந்த மடை கூடுதலாகத் திறந்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே பாசி அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். கேஸ் பிளாண்ட்டிலும் அப்படித்தான் நடக்கவேண்டும். கோளாறு தெரிகிற கருவியில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. அதற்கு முந்தியதில் இருக்கும், இல்லாவிட்டால் அதற்கும் முந்தியதில்.

நான் வேலை பார்த்த ஒரு பிளாண்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அமீன் டவர் வாரக்கணக்கில் நுரைத்துக்கொண்டிருந்தது. டவரில் டெல்டா-பி, அதாவது அடிக்கும் முடிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், திடீரென ஏறும், அமீன் வாயுவோடு சேர்ந்து மேலே போய்விடும், ஹைட்ரஜன் சல்பைடு அளவு தாண்டும், வாயுவை பிளேரில் விட்டு எரிப்பார்கள். நுரையை அடக்கும் மருந்தை ஊற்றினார்கள். ஒரு நாள் அடங்கும், மறுபடி தொடங்கும். கார்பன் பில்டரை மாற்றினார்கள். அமீனையே மாற்றலாமா என்று பேச்சு வந்தது. சாம்பிள் பாட்டிலைக் குலுக்கினால் நுரை சில நொடியில் உடைய வேண்டும். அது சோப்புத் தண்ணீர் நுரைபோல உட்கார்ந்திருந்தது. பில்டர் பை கருப்பாக, கைக்கு வழவழவென்று எண்ணெய்ப் பசையோடு வந்தது.

அந்த எண்ணெய்ப் பசையைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் குளச்சல்காரர் ஒருவர், மூத்த ஆபரேட்டர். அமீனில் கண்டென்சேட் கலந்தால் நுரைக்கும், கண்டென்சேட் பெரும்பாலும் முன்னாலுள்ள செப்பரேட்டர் வழியாகத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். பேனலில் செப்பரேட்டர் மட்டம் 50 சதவீதம் என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் நேரே போய் சைட் கிளாஸைப் பார்த்தார். அழுக்குப் படிந்து ஒன்றும் தெரியவில்லை. துணியை எடுத்துத் துடைத்து, டிரெய்னைத் திறந்து ஊதிவிட்டு, டார்ச் அடித்தார். உள்ளே மட்டம் பேனல் காட்டியதைவிட வெகு உயரத்தில் நின்றது.

காரணம் எளிது. அந்த டிரான்ஸ்மிட்டர் திரவத்தின் எடையை அளந்துதான் மட்டத்தைச் சொல்லும். எந்த அடர்த்திக்கு அதைச் சரிசெய்து வைத்தார்களோ அந்த அடர்த்தியில் திரவம் இருந்தால்தான் அது சொல்வது உண்மை. புதிய கிணறுகளை இணைத்த பிறகு வந்த கண்டென்சேட் லேசானது. எடை குறைவு, ஆகவே மட்டமும் குறைவாகக் காட்டியது. உள்ளே திரவம் வாயு நுழையும் வாய் வரைக்கும் ஏறி, வாயு அதைச் சிதறடித்து அடுத்த டவருக்குக் கொண்டுபோனது. டிரான்ஸ்மிட்டரை மறுபடி சரிசெய்தார்கள், மட்டத்தை இறக்கினார்கள். நுரை நின்றது. இதில் அந்தக் குளச்சல்காரர் பயன்படுத்தியது ஒரு துணியும், மட்டம் எப்படி அளக்கப்படுகிறது என்ற அறிவும்தான். அந்த அறிவு இல்லாவிட்டால் துணி எடுக்கவே தோன்றியிருக்காது.

ஆகவே போன உடனே இன்லெட் செப்பரேட்டரைப் படி. புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் டர்போ எக்ஸ்பாண்டரையும் பெரிய கம்ப்ரசரையும்தான் வாய் பிளந்து பார்ப்பார்கள். செப்பரேட்டர் வெறும் உருளை, உள்ளே ஒரு தடுப்புத் தகடு, மேலே ஒரு கம்பிவலைத் திண்டு, அவ்வளவுதான் என்று தாண்டிவிடுவார்கள். ஆனால் அதன் உள்ளே வாயு மேலே போகும் வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. துளி கீழே விழவேண்டுமானால் வாயு அதைவிட மெதுவாக ஏறவேண்டும். உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாகத் தள்ளினால் அந்த எல்லை தாண்டும். செப்பரேட்டர் சத்தம் போடாது, அலாரம் அடிக்காது. பின்னால் உள்ள மூன்று யூனிட்டுகள் அழும். அழுத்தம் குறைந்தாலும் இதேதான். வாயு விரிந்து, அதே எடைக்கு வேகம் கூடும். வயல் பழசாகி அழுத்தம் இறங்கிவரும் இடங்களில் இதை நினைவில் வை.

அமீன் டவரைப் பற்றி ஒன்று மட்டும். உள்ளே விடும் அமீன், வரும் வாயுவைவிட ஐந்தாறு டிகிரி சூடாக இருக்கவேண்டும் என்று லாக் ஷீட்டில் பார்ப்பாய். குளிர்ந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சுமே என்று உனக்குத் தோன்றும், தோன்றவும் வேண்டும். ஆனால் அமீன் வாயுவைவிடக் குளிர்ந்திருந்தால் வாயுவிலுள்ள கனமான ஹைட்ரோகார்பன் அதில்பட்டுக் குளிர்ந்து திரவமாகும். மறுபடி நுரை. இப்படி லாக் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. தினம் ஓர் எண்ணை எடுத்து அதன் காரணத்தை யாரிடமாவது கேள். சொல்லத் தெரிந்தவர் இல்லாவிட்டால் பிளாண்ட் அலுவலகத்தில் ஜிபிஎஸ்ஏ டேட்டா புக் இருக்கும், தடித்த இரண்டு தொகுதி. கேம்பெல் எழுதிய கேஸ் கண்டிஷனிங் புத்தகமும் இருக்கலாம். நைட் ஷிப்ட்டில் செல்போனை வைத்துவிட்டு அவற்றைப் புரட்டு.

இனி ஈரம். கேஸ் தொழிலில் சாவு கொண்டுவந்த விஷயங்களில் ஈரத்துக்குப் பெரிய இடம் உண்டு. அழுத்தமுள்ள வாயுவில் நீர் இருந்தால், பூஜ்யத்துக்கு மேலேயே, சில இடங்களில் 20 டிகிரியிலேகூட, அது மீத்தேனைத் தன் கூட்டுக்குள் பூட்டிக்கொண்டு பனிக்கட்டி போன்ற திண்மமாகிவிடும். ஹைட்ரேட் என்பார்கள். 1934-இல் ஹேமர்ஷ்மிட் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் குழாயை அடைப்பது வெறும் பனிக்கட்டி அல்ல, இந்த ஹைட்ரேட்தான் என்று காட்டினார். அடைப்பு விழுந்தால் ஒரு விதி: ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்காதே. மறுபக்க அழுத்தம் அந்தக் கட்டியைப் பீரங்கிக் குண்டாகத் தள்ளும். குழாய் வளைவைக் கிழித்துக்கொண்டு வந்து ஆளைக் கொன்றிருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக, பைய இறக்கவேண்டும். அவசரப்படுத்துகிற சூப்பர்வைசர் இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதே.

ஈரம் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில் ஆந்திராவின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் உடைந்து தீப்பிடித்தது. வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் டீக்கடைக்கு வந்தவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணையில் தெரிய வந்தது இதுதான்: உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு போய்க்கொண்டிருந்தது. ஈரத்தை எடுக்கும் யூனிட்டை அங்கே நிறுவவே இல்லை. நீரும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் அமிலம். அது குழாயின் தாழ்ந்த இடங்களில் தங்கி அடிப்பக்கத்தை வருஷக்கணக்கில் அரித்துத் தின்னும். உடைந்தது குழாய். தவறு நடந்த இடம் அதற்கு எவ்வளவோ மேலே. நம் நாட்டில் நடந்த இந்தச் சம்பவத்தை எந்தக் கல்லூரியிலும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். தூத்துக்குடிக்கு ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் 2021-இல் திறக்கப்பட்டது. எண்ணூர் முனையத்திலிருந்தும் தெற்கு நோக்கிக் குழாய் வருகிறது. குழாய்கள் நம் ஊர்ப் பக்கமே வந்துகொண்டிருக்கும்போது அந்த நகரம் விபத்தைப் பற்றித் தெரியாத ஒரு பொறியாளர் இங்கே இருக்கக்கூடாது.

நீ போகிற இடம் பாலைவனம். வைகாசி, ஆனியில் நிழலிலேயே 45 டிகிரிக்கு மேல் போகும். அங்கே தண்ணீர் கிடையாது, ஆகவே வாயுவைக் குளிர்விக்கக் காற்றாடி வைத்த ஏர் கூலர்தான். வெளிக்காற்றே 47 டிகிரி என்றால் வாயுவை 55, 60-க்குக் கீழே கொண்டுவர முடியாது. இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கு பார்: வாயுவின் சூடு பத்து டிகிரி ஏறினால் அது பிடித்துவைத்திருக்கும் நீராவி கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதே நேரம் சூட்டில் கிளைக்காலின் உறிஞ்சும் திறன் குறையும். ஒரு பக்கம் சுமை இரண்டு மடங்கு, மறுபக்கம் தூக்குபவனுக்குப் பலம் குறைவு. மத்தியானம் மூன்று மணிக்கு ஈர அளவு ஏறும், ராத்திரி தானாக இறங்கும். இதைப் பார்த்து, கிளைக்காலைக் காய்ச்சும் ரீபாய்லரின் சூட்டைக் கூட்டச் சொல்வார்கள். டிரைஎத்திலீன் கிளைக்கால் 206 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்கும். அதனால்தான் 204-இல் நிறுத்துகிறோம். அதற்குமேல் கூட்டினால் இன்றைக்கு ஈரம் சரியாகும், அடுத்த மாதம் கிளைக்கால் அமிலமாகிக் குழாய்களைத் தின்னும். உண்மையான மருந்து ஏர் கூலரில் இருக்கிறது. துடுப்புகளுக்கிடையே மணலும் தூசியும் அடைத்திருக்கும், பெல்ட் தளர்ந்து காற்றாடி வழுக்கும், இறக்கையின் கோணம் மாறியிருக்கும், சூடான காற்றே திரும்ப உள்ளே இழுபடும். கோடை வருமுன் மாசி, பங்குனியிலேயே கூலரைக் கழுவவேண்டும் என்று நீயே முதலில் சொல். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாயே, இதுதான்.

அடுத்தது குளிர். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி காவல்கிணறு போகும்போது மகேந்திரகிரி மலையடிவாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். இஸ்ரோ அங்கே கிரையோஜெனிக் என்ஜின்களைச் சோதிக்கிறது. திரவ ஆக்சிஜன் கழித்தல் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் கழித்தல் 253. திரவமாக்கிய இயற்கை வாயு கழித்தல் 162. நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடக்கிற அந்த வேலைக்கும் உன் வேலைக்கும் அடிப்படை ஒன்றே. அந்தக் குளிரில் எந்த உலோகம் என்ன செய்யும் என்பதைத் தெரிந்திருக்கவேண்டும்.

வாயுவை ஒரு வால்வு வழியாக அழுத்தம் இறக்கினால் ஒரு பாருக்கு அரை டிகிரி வீதம் குளிரும். 70 பாரிலிருந்து 30-க்கு இறக்கினால் சுமார் 20 டிகிரி. அதே இறக்கத்தை டர்போ எக்ஸ்பாண்டர் வழியாகச் செய்தால், வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றி வேலை செய்துவிட்டு வெளியேறுவதால், இன்னும் வெகுவாகக் குளிரும். கிடைத்த வேலையில் பக்கத்துக் கம்ப்ரசர் ஓடும். புதிதாக இருக்கும்போது 85 சதவீதத் திறனில் ஓடும் எக்ஸ்பாண்டர் நாளடைவில் 78-க்கு இறங்கினால் யாருக்கும் உடனே தெரியாது. வெளியேறும் வாயு மூன்று நான்கு டிகிரி சூடாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று டிகிரியில் தினமும் டன் கணக்கில் புரொப்பேன் பிரியாமல் குழாயோடு போகும்.

சாதாரண கார்பன் ஸ்டீலைப் பொதுவாகக் கழித்தல் 29 டிகிரி வரைதான் நம்புவார்கள். அதற்குக் கீழே அது வளையாது, உடையும். 1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு கேஸ் பிளாண்ட்டில் நடந்தது இதுதான். எஸ்ஸோ நிறுவனத்துடையது. முந்தின இரவு ஓர் அப்சார்பரில் கண்டென்சேட் மட்டம் கேஜ் காட்டக்கூடிய எல்லையையே தாண்டிப் போயிருந்தது. அலாரத்தோடேயே ஓட்டுவது அங்கே பழகிப்போன விஷயம். காலையில் அதன் விளைவாகச் சூடான எண்ணெயைச் சுற்றவிடும் பம்புகள் நின்றன, பல மணி நேரம் ஓட்ட முடியவில்லை. வழக்கமாக 100 டிகிரியில் இருக்கும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் கழித்தல் 48-க்குப் போய், வெளியே வெண்பனி படிந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பனியின் பொருள் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. பம்ப் ஓடியதும் சூடான எண்ணெய் உள்ளே போனது. எக்ஸ்சேஞ்சர் நொறுங்கியது. இரண்டு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயம்பட்டார்கள். விக்டோரியா மாநிலமே இரண்டு வாரத்துக்கும் மேல் கேஸ் இல்லாமல் கிடந்தது.

அதற்குச் சில வருஷம் முன்பு அந்த பிளாண்ட்டின் பொறியாளர்களை மெல்போர்ன் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு ஆபரேட்டர்மேல் பழியைப் போடப் பார்த்தது நிறுவனம். அரசு நியமித்த விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. குளிர்ந்த உலோகத்தின் ஆபத்தை ஆபரேட்டர்களுக்குக் கற்றுக்கொடுக்காதது நிறுவனத்தின் குறை என்று எழுதியது. இந்தக் கதையை நான் எத்தனை பையன்களுக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. உடைந்தது எக்ஸ்சேஞ்சர், தொடங்கியது முந்தின இரவு ஓர் அப்சார்பரின் மட்டத்தில். ஷிப்ட் கை மாறும்போது அந்த மட்டத்தைப் பற்றி ஒருவர் உரக்கப் பேசியிருந்தால், ஒருவர் மேலே நடந்து போயிருந்தால். பனி படியக்கூடாத இடத்தில் பனியைப் பார்த்தால் வேலையை நிறுத்து. சூடான எதையும் உள்ளே விடாதே. பெரியவர்களைக் கூப்பிடு.

பாதரசத்தையும் சொல்லிவிடுகிறேன். அல்ஜீரியாவின் ஸ்கிக்டா பிளாண்ட்டில் 1973-இல் அலுமினிய எக்ஸ்சேஞ்சர் பழுதானபோதுதான் வாயுவோடு வரும் துளிப் பாதரசம் அலுமினியத்தைத் தின்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதன்பிறகுதான் அந்த எக்ஸ்சேஞ்சர் இருக்கும் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் பாதரசம் பிடிக்கும் படுகை வைக்கும் வழக்கம் வந்தது. அதுவும் மேல்மடைக் கதைதான்.

கம்ப்ரசரில் உனக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை, நீயே படித்திருக்கிறாய். வாயு பின்னோக்கி அடிக்கும் சர்ஜ் என்றால் என்ன என்று காதால் கேட்காமல் புரியாது, கேட்கும் நிலை வராமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் செய். உள்ளே வரும் சூடும் அழுத்தமும், வெளியேறும் சூடும் அழுத்தமும், இந்த நான்கும் உன்னிடம் இருந்தால் திறனை நீயே கணக்குப் போடலாம். அழுத்த விகிதம் மாறவில்லை, உள்ளே வரும் சூடும் மாறவில்லை, வெளியேறும் சூடு மட்டும் ஆறு டிகிரி ஏறியிருக்கிறது என்றால் திறன் இறங்கிவிட்டது. சக்கரத்தில் அழுக்கா, உள்சீல் தேய்ந்ததா, மீட்டர் பொய் சொல்கிறதா என்று தேட ஆரம்பி. மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வா. டிசைன் தாளில் உள்ள எண்ணோடு மட்டும் ஒப்பிடாதே. அது வேறு வாயுவுக்கும் வேறு வெயிலுக்கும் போட்ட எண். ஓவர்ஹால் முடிந்து முதல் வாரத்தில் ஓடிய எண்ணை எடுத்துவைத்து அதோடு ஒப்பிடு.

ரீடிங் எடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வெயிலில் நடக்கச் சோம்பி, உட்கார்ந்த இடத்திலேயே போன ஷிப்ட்டின் எண்ணைப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து எழுதுகிறவர்கள் எல்லா பிளாண்ட்டிலும் இருக்கிறார்கள். அவர்களோடு டீ குடி, நட்பாக இரு, அந்தப் பழக்கத்தை மட்டும் தொடாதே. பொய் ரீடிங் எழுதினவனால் மேலே நடக்க முடியாது. வழியில் உள்ள அடையாளங்களை அவனே அழித்துவிட்டான். பம்ப் பேரிங்கில் கைவைத்துப் பார், வால்வில் காதுவைத்துக் கேள், கேஜைத் தட்டிப் பார். பேனலில் உள்ள எண்ணும் பீல்டில் உள்ள கேஜும் வேறுபட்டால் எது சரி என்று தெரியும்வரை விடாதே.

காரணம் எப்போதும் மேலேயே இருக்கும் என்றும் நினைத்துவிடாதே. கொச்சி புதுவைப்பில் திரவ வாயு முனையம் 2013-இல் தொடங்கியது, வருஷத்துக்கு 50 லட்சம் டன் திறன். கருவிகளில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் பல வருஷம் அதில் ஒரு சிறு பங்குதான் ஓடியது. வாயுவை வாங்கிக்கொள்ள வேண்டிய மங்களூர்க் குழாய் 2021 ஜனவரியில்தான் திறந்தது. அங்கே அடைப்பு கீழ்மடையில்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமரிக் கடலின் ஆழ்பகுதியில் எண்ணெயும் வாயுவும் தேட ஓஎன்ஜிசிக்குப் பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், கரையோர ஊர்கள் எதிர்த்துப் போராடுகின்றன. லீவில் நீ வரும்போது குளச்சலிலோ முட்டத்திலோ உன் கூட்டாளிகள் உன்னிடம் கேட்பார்கள், "நீ அதுலதானடே வேலை பாக்க, சொல்லு, என்ன ஆவும்?" என்று. கம்பெனிக்காரன் மாதிரிப் பேசாதே. தெரியாததைப் பெரிதாக்கிப் பயமுறுத்தவும் செய்யாதே. கிணற்றோடு வரும் உப்புத் தண்ணீரில் என்ன இருக்கும், அதை எங்கே விடுகிறார்கள், பிளேரில் என்ன எரிகிறது, குழாய் எப்படி அரிக்கும், எங்கே எது நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, எங்கே இல்லை என்று நீ கண்ணால் பார்த்ததைச் சொல். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த உண்மையைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அதைச் சொல்லும் அளவுக்கு வேலை தெரிந்த ஆட்கள் நம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவில் ஆயிரக்கணக்கில் இருந்தும், ஊரில் வந்து வாய் திறக்கிறவர்கள் குறைவு.

கடைசியாக ஹைட்ரஜன் சல்பைடு. உன் பிளாண்ட்டுக்கு வருவது அது கலந்த சவர் கேஸ். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், நாற்றம் வந்தால் ஓடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 100 பிபிஎம் அளவில் சில நிமிடத்திலேயே மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். 700, 1000 என்று போனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுவான். காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் டிரெய்ன் குழியிலும் தங்கும். 2003 டிசம்பரில் சீனாவின் காய்ஷியன் பகுதியில் கிணறு வெடித்து இந்த வாயு பரவியதில் 243 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்.

சட்டையில் மாட்டும் மானிட்டரை நெஞ்சுக்கு மேலேயே மாட்டு, பாக்கெட்டுக்குள் போடாதே. ஒவ்வொரு ஷிப்ட்டும் தொடங்குமுன் அதைச் சோதித்துப் பார். பிளாண்ட்டுக்குள் நுழைந்ததும் காற்றுப்பையைப் பார்த்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள். மானிட்டர் கத்தினால் யோசிக்காதே, காற்றுக்குக் குறுக்கே நடந்து வெளியேறி, பிறகு காற்று வரும் திசைக்குப் போய் நில். கூட வந்தவன் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் உன் மனசு கேட்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் முதுகில் மூச்சுக்கருவி இல்லாமல் அவனைத் தூக்கப் போகாதே. அலாரம் கொடு, கருவி மாட்டிக்கொள், துணையோடு போ. இந்த வாயுவில் செத்தவர்களில் நிறையப் பேர் இன்னொருவனைக் காப்பாற்றப் போனவர்கள்தான். மற்றதில் எல்லாம் உன் புத்திப்படி நட. இந்த ஒன்றில் மட்டும் மாமா சொன்னதைக் கேள்.

அன்புடன்,
உன் மாமா